தை பிறந்தும் கழற்றாத மாலை

இளைஞர்களுக்குக் கோபத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறிவிட்டது. "ஊருக்குத்தான் உபதேசமா? ஆத்துல மிக்ஸி ஓடலைன்னா அதைத் தலையிலேயே ரெண்டு போடறவ நீ. நீ போய் யாருக்குச் சொல்லித்தரப்போறே?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த டம்ளரைச் சமையல் மேடையில் ணங்கென்று வைத்தேன். "பாரு, முதல் கிளாஸ் ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அடையாற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றில் அங்கன்வாடி அறையைச் சனிக்கிழமை மட்டும் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள்தான் அங்கே உண்டு. இருபது, இருபத்தைந்து வயது ஆட்கள் அவற்றில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அப்படி உட்கார்ந்திருக்கும் எவனைப் பார்த்தாலும் முரடன் என்று நினைக்க முடியாது. பாதிப் பயம் எனக்கு முதல் நாளே போய்விட்டது.

எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் ஒரு படம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வட்டமாக, வண்ண வண்ணமாக, இருபத்துச் சொச்சம் உணர்ச்சிகளின் பெயர் போட்டது. அதைச் சுவரில் யானைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் மாட்டினேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பார்க்கிற ஒருவன், வாய்க்குப் பூட்டே கிடையாது, எழுந்து வந்து முழுதும் படித்தான்.

"மேடம், இவ்ளோலாம் எங்களுக்கு ஓவரு. எங்க ஏரியால ரெண்டே ரெண்டுதான். ஜாலி, காண்டு."

"பயம் வராதா?"

"வரும். அதுவும் காண்டுதான்."

"அவமானம்?"

"அது செம காண்டு."

"சோகம்?"

"சோகம்னா மொதல்ல சரக்கு. அப்பால காண்டு."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்து நாள் பயிற்சியில் எனக்குச் சொன்னதை இவன் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டானே என்று உள்ளுக்குள் எரிச்சலும்கூட.

மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொன்னேன். "நம்ம பத்து எண்றதுக்குள்ள அவன் நாலு குடுத்துட்டு போய்க்கினே இருப்பான் மேடம்" என்றார்கள். இருந்தாலும் என் முகத்துக்காகக் கண்ணை மூடி மூச்சு விட்டார்கள். இரண்டு பேர் குறட்டையும் விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அவர்களில் ஒருவனைப் பற்றி. அடையாறு அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். இருபத்தாறு வயது. இரண்டு தோளிலும் கேன் வைத்து வைத்துத் தழும்பு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் மனைவி என்னவோ கேட்டிருக்கிறாள். அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டான். அவள் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அதைச் சொல்லிச் சமாதானம் பண்ணப் பார்த்தானாம். "எம்மேல படலன்னா உனுக்கு நல்ல மனசுன்னு அர்த்தம் இல்ல. குறி சரியில்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்களும் ஆற்றங்கரையில் இருந்தவர்கள்தான். இப்போது ஊருக்கு வெளியே அரசாங்கம் மாற்றிக்கொடுத்த அடுக்குமாடியில் எட்டாவது மாடி. இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது வாசலில் நின்று, "கோவம் போச்சின்னா போன் பண்ணு, வரேன்" என்றாளாம்.

அவன் என் வகுப்புக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைக்காக. மற்றவர்கள் டீக்கும் சமோசாவுக்கும் வந்தார்கள் என்றால் இவன் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி வந்தான். பத்து எண்ணினான். இருபது எண்ணினான். மூன்றாவது வாரம் ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் கதவை எட்டி உதைத்துவிட்டு வந்து, "எண்ணிக்கினேதான் மேடம் ஒதச்சேன்" என்றான். அவனை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. என் வேலையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அடுத்து கார்த்திகை பிறந்தது. சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தால் பாதி வகுப்பு கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. "சாமி சரணம் மேடம்" என்று எழுந்து நின்றார்கள். எந்தக் காலத்தில் எனக்கு எழுந்து நின்றார்கள்! பெயின்டர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. "சாமி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி" என்கிறான். போன வாரம் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் ஒரே தட்டிலிருந்து சுண்டல் எடுத்துத் தின்றார்கள். தண்ணீர் கேன்காரனும் மாலை போட்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதி. நான் மூன்று வாரம் தொண்டை கிழியச் சொல்லி நடக்காததை நூற்றெட்டு மணி கோத்த ஒரு மாலை ஒரே நாளில் பண்ணிவிட்டது. ஐயப்பன் மேல் பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்கழியில் இருமுடி கட்டிக்கொண்டு எல்லோரும் மலைக்குப் போய் வந்தார்கள். போய் வந்ததும் அம்மா கையால் மாலையைக் கழற்றுவது வழக்கம். அடுத்த சனிக்கிழமை ஜீன்ஸ் பேன்டும் பழைய வாயுமாக எல்லோரும் ஆஜர். வாசலில் வண்டி நிறுத்துவதற்கே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். தண்ணீர் கேன்காரன் மட்டும் கறுப்பு வேட்டியோடு வந்து, "சாமி சரணம் மேடம்" என்றான்.

சரி, நல்ல நாள் பார்த்துக் கழற்றுவான் என்று நினைத்தேன். பொங்கல் வந்தது, போனது. மாலை கழுத்திலேயே இருந்தது. பெயின்டர் ஒருநாள் சொன்னான்: "குருசாமியாண்ட கேட்டோம் மேடம். அவுரே, 'இன்னா, அடுத்த வருஷத்துக்கு அட்வான்ஸா?'ன்னு சிரிக்கறாரு."

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த மாலை கழலாமல் இருந்ததில் சந்தோஷம். கோபமே வராத ஒரு ஆள், என் வகுப்பில்! அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, "நிலையான மாற்றம்" என்று அடிக்கோடும் போட்டேன். மாலை என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை. கூட்டத்தில் படித்தபோது கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

தை பாதியில் அவன் அம்மா போன் பண்ணினார். மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் சமையல் பாத்திரம் தேய்க்கிறவர். "மேடம், எம் புள்ளகிட்ட சொல்லி அந்த மாலைய கயட்ட சொல்லு. நீ சொன்னாதான் கேப்பான். மூணு மாசமா வூட்ல ஒரு கருவாடு கெடையாது. சாமி வூடாச்சே, எப்படி ஆக்கறது? என் நாக்கு செத்துப்போச்சி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கருவாட்டைச் சொல்லிவிட்டு நிஜமான விஷயத்துக்கு வந்தார். மருமகளின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். மாசி பிறந்ததும் இவளும் அங்கே வேலைக்குப் போகிறாளாம். அங்கேயே தங்குவதாம். "போனா அப்பால வருவாளா மேடம்?" என்று கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

எனக்குப் புரியவில்லை. அவனுக்குத்தான் கோபம் போய்விட்டதே; போன் பண்ணினால் வருகிறேன் என்றவள் ஏன் திருப்பூர் போகிறாள்? அம்மாவிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன்.

"அவன் எங்க மேடம் பண்ணான்? நான்தான் பண்ணேன். கோவம் போச்சான்னேன். போச்சின்னான். அப்ப வரேன்னேன். மாலை போட்டுகினு கீறேன், இப்ப வராதன்னான். சரி, மாலை போட்ருக்கறப்ப பொண்டாட்டி கூட இருக்கக் கூடாதுதான், அது எனுக்குத் தெரியாதா? மலைக்குப் போய்ட்டு வந்து ஒரு மாசம் ஆவுது மேடம். ஊர்ல எல்லாரும் கயட்டிட்டாங்க. இவன் மட்டும் கயட்டல. என்ன வேணான்றத சாமி பேரச் சொல்லி சொல்றானா?"

போனை வைத்ததும் என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவள் திரும்பி வருவதற்காக அவன் மாலை போட்டான். இப்போது அந்த மாலையே அவளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. நானோ உட்கார்ந்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தையில் கடைசிச் சனிக்கிழமை. அவன் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தேன். அவனை நேராகவே கேட்டேன். "ஏன் தம்பி கழற்ற மாட்டேங்கற?"

"கயட்டினா திரும்ப கோவம் வந்துடும் மேடம். இந்த வாட்டி அவ மேல பட்டுச்சின்னா?"

அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கிண்டல் பண்ண யாருக்கும் மனசு வரவில்லை.

பயிற்சியில் படித்தது ஒன்று ஞாபகம் வந்தது. கோபம் வருகிற சந்தர்ப்பத்தை நாடகமாக நடித்துப் பழக வேண்டும். "சரி, எல்லாரும் ஆளுக்கு ஒரு வார்த்தை இவனைத் திட்டுங்க. கோபம் வருதான்னு பார்க்கலாம்" என்றேன். மற்ற நாளாக இருந்தால் தூக்கத்தில்கூடத் திட்டக்கூடிய கூட்டம். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. மாலை போட்டவனைத் திட்டுவார்களா? எல்லோரும் பெயின்டரைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சாமி... நீங்க பண்றது நல்லா இல்ல சாமி" என்றான். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "சாமியே சரணம் ஐயப்பா" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுக்க, கேன்காரனின் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இவர்களை நம்பினால் காரியம் ஆகாது. நானே நடிக்கிறேன் என்று எழுந்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி வாசலில் நிற்கிற அம்மாள் ஆனேன். "ஏ கேன்! எத்தனை தரம் போன் பண்றது? மணி என்ன ஆறது? அந்த ஈரக் கேனை ஹால்ல வைக்காதே. செருப்பை வெளியில விடு. லிஃப்ட்டைத் தொட்டியா? யாரைக் கேட்டு லிஃப்ட்ல வந்தே?"

கடகடவென்று வந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலாவது வாக்கியத்தில்தான் எனக்கே தெரிந்தது, நான் நடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஆறு வருஷமாகக் கேன் போடுகிறவரிடம் வாரத்துக்கு இரண்டு தரம் நான் பேசுகிற பேச்சு, அதே குரல், அதே கை. இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டேன்.

"சூப்பரா பண்றீங்க மேடம்," என்றான் கேன்காரன், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். "அப்டியேதான் பேசுவாங்க."

அவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

அவன்தான் பேச ஆரம்பித்தான். நான் கேட்காமலே. "மாலை போட்டா அப்டி பேச மாட்டாங்க மேடம். வாட்ச்மேன் 'வாங்க சாமி'ன்றாரு. லிஃப்ட்ட அவரே தொறந்து வுட்றாரு. ஒரு வூட்ல ஒரு அம்மா, 'வெறுங்காலோட மாடி ஏறி வரேளே சாமி'ன்னு மோர் குடுக்கறாங்க. ரெண்டு வருஷமா அந்த வூட்டுக்குத்தான் போடறேன். மோர் இன்னா, தண்ணி குடுத்தது இல்ல, நான்தான் தண்ணி குடுத்தேன். இப்ப எல்லாருக்கும் நான் சாமி. கயட்டினா நாளைக்கு காலைல திரும்ப கேன் மேடம்."

அப்புறம் குழம்பு கொட்டின நாளைப் பற்றிச் சொன்னான். அன்றைக்கு ஒரு இடத்தில் லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்லி நாலு மாடி, பன்னிரண்டு கேன், ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றியிருக்கிறான். கடைசிக் கேனை இறக்கும்போது சொட்டிய தண்ணீரை அவன் துண்டாலேயே துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். துடைத்துவிட்டு வந்திருக்கிறான். வீட்டில் நுழைந்ததும் மனைவி, "கொஞ்சம் குடிக்க தண்ணி மொண்டு குடு" என்றாளாம். அவ்வளவுதான்.

பெயின்டர் மெதுவாகச் சுவரைக் காட்டி, "மேடம், அந்தச் சக்கரத்துல இதுக்கு பேரு இன்னா?" என்றான்.

"அவமானம்."

"இதெல்லாம் எங்களுக்கு டெய்லி மேடம். பேரு கீதுன்னே தெரியாது."

நான் கேன்காரனிடம், "இதை அவகிட்ட சொன்னியா?" என்றேன்.

"எதை?"

"இப்ப சொன்னியே, துண்டால துடைச்சது."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அதைப் போய் எவனாவது பொண்டாட்டிகிட்ட சொல்வானா மேடம்?"

"குழம்பை மட்டும் பொண்டாட்டி முன்னால கொட்டலாமா?" என்று கத்திவிட்டேன். கோபம் கட்டுப்படுத்தும் வகுப்பில், ஆசிரியையே. அவன் அம்மா, "நல்லா கேளு மேடம்" என்று தாளம் போட்டார்.

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நாங்கள் மூச்சுப்பயிற்சி செய்வதாகப் பாவனை பண்ணினோம். எல்லோருக்கும் காது ஜன்னலில். குழாயடிக்குப் பக்கத்தில் இங்கேயும் அங்கேயுமாக நடந்து பேசினான். முதலில் நின்று நின்று பேசினான். அப்புறம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் துடைத்துக் காட்டினான், அவள் பார்க்கிற மாதிரி. அப்புறம் வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் உள்ளே வரும்போது டீ ஆறிப்போயிருந்தது.

"இன்னாடா சொன்னா?" என்றார் அம்மா.

"வராளாம். நாளைக்கு."

"கோவம் போச்சான்னு கேட்டாளா?"

"இல்ல. கோவம் போனா வரேன்னு சொன்னதே தப்புன்றா. அது எங்கயும் போவாது, வந்தா வந்துச்சின்னு வாயால சொல்லு, அது போதும்ன்றா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "மாலையோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்னா அப்டியே திரும்பி பஸ் ஏறிடுவாளாம்."

அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எங்கே மனசு மாறிவிடுவானோ என்று, அங்கேயே அவனைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்துவிட்டார். பெயின்டர் ஓடிப்போய்த் தேங்காயும் கற்பூரமும் வாங்கி வந்தான். எல்லோரும் சரணம் சொல்ல, அம்மா மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று மாசத் தாடியோடு அவன் பேந்தப் பேந்த விழித்தான். தேங்காயை அங்கன்வாடிப் படியில் உடைத்ததும், அம்மா நிமிர்ந்து முதல் காரியமாக, "நாளைக்கு காலைல நான் மார்க்கெட் போறேன்" என்று அறிவித்தார்.

எங்கள் வீட்டுக் கேன்காரரிடம் அடுத்த திங்கட்கிழமை, "வாங்க, லிஃப்ட்லயே வாங்க, ஹால்லயே வைங்க" என்றேன். அவர் பயந்துபோய், "இன்னா மேடம், கேன நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே லிஃப்ட் விஷயமாக எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளரோடு சண்டை போட்டேன். கீழ்வீடு வரை கேட்டதாம். "இந்தக் கோபம் தேவலை" என்றார் என் கணவர். அறிக்கையையும் திருத்தி அனுப்பினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் அவனிடமிருந்து போன். பின்னால் தெருச் சத்தம்.

"மேடம், கோவம் வந்துச்சி."

"என்னடா பண்ணினே?"

"சொன்னேன் மேடம். 'நான் இப்ப செம கோவத்துல கீறேன். கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்'னேன்."

"அவ என்ன சொன்னா?"

"'சரி, வர்றப்போ ஒரு தயிர் பாக்கெட் வாங்கினு வா'ன்னா."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "வாங்கினியா?"

"வாங்கிட்டேன். வாங்கினு வந்து வூட்டு வாசல்லதான் நிக்கறேன். உள்ள போலாமா மேடம்? கோவம் இன்னும் கொஞ்சம் கீது."

"எவ்வளவு?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "கொஞ்சம்தான் மேடம்."

"கொஞ்சம்தானே, போ," என்றேன். "தயிர் புளிச்சிடும்."